கஜேந்திரனின் பெட்டியைத் திறந்தது யார்?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோட்டத் தலைவர் அழகன் அவர்களே! மேடையின் நடுவில் வீற்றிருக்கும் தோட்ட மேனேஜர் பெரிய தொரை அவர்களே! தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அவர்களே! கிராம உத்தியோகத்தர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அமரரின் தாயார் காளியாயி அம்மா! அவர் மனைவி, என் தங்கச்சி சுதர்ஷினி! தோட்டத்தின் மேல்கணக்கு, கீழ்கணக்கு இரண்டு பிரிவிலிருந்தும் இந்தத் தூறலிலும் வந்து நிற்கும் என் மக்களே! எல்லோருக்கும் லோரன்ஸின் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக நம் தேயிலை ஸ்டோரில் எலக்ட்ரீஷியன். கொழுந்து உருட்டும் மெஷின் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நம் லய வீடுகளில் கரண்ட் போனாலும் என்னைத்தான் திட்டுவார்கள். இன்றைய அழைப்புக் கடதாசியில் என் பெயருக்கு முன்னால் 'அமரரின் நெருங்கிய நண்பர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை அச்சடிக்கும் முன் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அமரர் சோலைமலை கஜேந்திரன்! நாற்பத்துமூன்று வயது. லிந்துலை டவுனில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் ஒரு ரிப்பேர் கடை. ரேடியோ, டிவி, போன், கோயில் அம்ப்ளிஃபையர் என்று எது செத்தாலும் அந்தக் கடைக்குத்தான் போகும். போன மாதம் பதினோராந் தேதி, பட்டப்பகல் இரண்டு மணிக்கு, நாம் வரிசையில் நின்று வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்தின் மேல் மலை சரிந்து விழுந்தது. அன்று அந்தக் களத்தில் அறுபத்தொரு பேர் நின்றார்கள். கொழுந்து பறித்த ஏழாம் நம்பர் மலையிலிருந்து இன்னும் இருபத்திரண்டு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். எண்பத்து மூன்று பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். கஜேந்திரன் மட்டும் இல்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவனைத் தியாகச் சுடர் என்றார்கள். மலையகத்தின் விஞ்ஞானி என்றார்கள். அடேயப்பா! உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் அவனை என்னவென்று கூப்பிட்டன? 'ரேடியோ கிறுக்கன்' என்றல்லவா கூப்பிட்டன? ஆபீசுக்கு அவன் வந்தால், 'வந்துட்டான்யா, லெக்சர் அடிக்க' என்று கதவைச் சாத்தியது யார்? இன்று அவன் படத்துக்குப் போட்டிருக்கும் மாலை நல்ல பெரிய மாலை. ஹட்டனிலிருந்து வரவழைத்ததாம். சந்தோஷம்.

நான் பாராட்ட வரவில்லை. அவன் என்ன செய்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் நாங்கள் என்ன செய்தோம் என்பது தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பெரட்டுக் களத்துக்கு மேலே நிலம் வெடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வந்து பார்த்த அதிகாரிகள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கஜேந்திரன் வந்து பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் போத்தலை நட்டான். மழைத் தண்ணீர் அதில் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் உள்ளே இருக்கும் இரண்டு கம்பியையும் தொடும். தொட்டால் ஹோர்ன் அடிக்கும். அடித்தால் எல்லோரும் களத்தையும் லயத்தையும் விட்டுக் கோயில் மேட்டுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் அவன் திட்டம்.

ஹோர்ன் வாங்க அவன் ஆபீசுக்குப் போனான். 'வேறு சத்தம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மணி மாதிரி ஏதாவது' என்று எழுதிக் கொடுத்தான். பெரட்டுக்கு அடிக்கிற அதே லொறி ஹோர்ன் ஸ்டோரில் இன்னொன்று சும்மா கிடக்கிறது என்று அதையே எடுத்துக் கொடுத்தார்கள். அதே கம்பத்தில் கட்டினார்கள். இப்போது பெரட்டு ஹோர்னுக்கும் ஆபத்து ஹோர்னுக்கும் சத்தம் ஒன்றுதான். பிரிக்க அவனிடம் ஒரே வழிதான் இருந்தது. பெரட்டு என்றால் நீட்டி அடிக்கும். ஆபத்து என்றால் விட்டு விட்டு அடிக்கும்.

அந்த விட்டு விட்டு அடிப்பதைச் செய்வது என் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பொருள். ட்ரான்சிஸ்டர். அதையும் பேட்டரியையும் வைத்த ஆபத்துப் பெட்டிக்குத் திறப்பு விழா நடந்த அன்று கஜேந்திரன் அந்த நகம் அளவுச் சாமானைக் கையில் தூக்கிக் காட்டிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கிறதா? பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதை இன்று அவன் வாய்ப்படியே சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

"இதுக்கு மூணு காலு. ஒரு கால்ல கொஞ்சூண்டு கரண்ட் குடுத்தா மத்த ரெண்டு காலு வழியா பெரிய கரண்ட் போகும். நம்ம லயத்துப் பைப்ப நெனச்சுக்கங்க. மூடி வச்சா ஒரு சொட்டு வராது, அது வெட்டு நிலை. முழுசா தொறந்துட்டா அதுக்கு மேல திருகினாலும் கூட வராது, அது நிரம்பல் நிலை. நம்ம பெட்டி இந்த ரெண்டுலதான் வேல செய்யும். மூடு, தொற, மூடு, தொற. அதான் ஹோர்ன் விட்டு விட்டு அடிக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, உயிர்ப்பு நிலைன்னு சொல்லுவாங்க. அங்கதான் நம்ம பைப்பு உதாரணம் ஒதவாது. பைப்ப பாதி தொறந்தா தண்ணி கொறையும், அவ்வளவுதான். இத பாதி தொறந்தா, வராத மீதி அதுக்குள்ளயே சூடா நிக்கும். நின்னா வெந்துபோகும்."

ஐயா! இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள்?

எனக்கு அது புதிதும் இல்லை. எங்கள் கோயில் பாட்டுக் குழுவின் அம்ப்ளிஃபையர் ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பாட்டு நடுவில், கரகரவென்று கத்தியது. கஜேந்திரன் வந்தான். "அண்ணே, இது போய் நிரம்பல்ல முட்டுது. பாட்டுக்கு நடு வேணும், நடுவுல இருந்தாத்தான் குரல் ஏறி இறங்கினது அப்படியே வரும்" என்றான். சரிசெய்துவிட்டு, கை அகல அலுமினியத் தகடு ஒன்றை ட்ரான்சிஸ்டரோடு சேர்த்து முறுக்கினான். ஏன் என்று கேட்டேன். "நடுவுல வேல பாக்குறவனுக்குச் சூடு போக வழி செய்யணும்ணே" என்றான். ஆபத்துப் பெட்டியில் அந்தத் தகடு இல்லை. அது நடுவில் நிற்கவே கூடாத வேலை, அதனால் தேவைப்படவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். காதால் கேட்டிருக்கிறேன். கேட்டதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பணிவு இருக்கவில்லை. நான் நானூறு வோல்ட் மோட்டர் பார்க்கிற ஆள். நகம் அளவு சாமானைப் பற்றி ஒரு ரிப்பேர் கடைக்காரனிடம் போய்க் கேட்பதா?

இப்போது பதினோராந் தேதிக்கு வருகிறேன்.

காலையிலிருந்து அடைமழை. ஒன்றரை மணிக்குப் போத்தல் நிரம்பியது. ஹோர்ன் அடித்தது. முதலில் மெலிசாக, விட்டு விட்டு. ஒரு நிமிடம் அப்படி அடித்திருக்கும். அந்த மழை இரைச்சலில் யார் காதில் விழும்? பிறகு திடீரென்று முழுச் சத்தத்தோடு, நிறுத்தாமல், நீட்டி அடிக்க ஆரம்பித்தது. நீட்டி அடித்தால் என்ன அர்த்தம்? பெரட்டு! மழைக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பேர் போடக் கூப்பிடுகிறார்கள். அப்படித்தானே நினைத்தீர்கள்? வேறு எப்படி நினைப்பீர்கள்? நம் அப்பன் தாத்தன் காலத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக எங்கே போகிறது? வெடித்த மலைக்கு நேர் கீழே, அந்தக் களத்துக்கு, கூடையோடு வந்து வரிசையாக நின்றீர்கள். உலகத்தில் எந்தச் சனமும் ஆபத்துச் சத்தத்தைக் கேட்டு ஆபத்துக்குள்ளே வந்து வரிசையில் நிற்காது. நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

கஜேந்திரன் சோறு தின்ன வீட்டுக்கு வந்திருந்தான். மெலிசாக அடித்ததையும் கேட்டான், நீட்டி அடித்ததையும் கேட்டான். கை கழுவவில்லை என்று சுதர்ஷினி சொன்னாள். எச்சில் கையோடு ஓடி வந்தான்.

"ஓடுங்க! இது பெரட்டு இல்ல! மேட்டுக்கு ஓடுங்க!"

யாரும் அசையவில்லை. காளியாயி அம்மா, நீங்களே அந்த வரிசையில் நின்றீர்கள். "ஏன்டா இப்படிக் கத்துற? நீட்டித்தானடா அடிக்கிறாங்க!" என்று நீங்கள் அதட்டியது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் குடைக்குக் கீழே நின்று, "பேர் போடாம எவனும் போகக்கூடாது, போனா அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான்" என்றார். உயிர் போகும் என்று அவன் கத்துகிறான், அரைப்பேர் போகும் என்று இவர் சொல்கிறார். நம் சனம் எதைக் கேட்டது? நின்ற இடத்தில் நின்றது!

அப்போதுதான் கஜேந்திரன் அந்தக் காரியத்தைச் செய்தான். முத்துலிங்கத்தின் கையிலிருந்த செக்ரோல் புத்தகத்தைப் பறித்தான். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் மேட்டைப் பார்த்து ஓடினான். ஐயோ, நம் பேரெல்லாம் அதில்தானே இருக்கிறது! பிடி, பிடி என்று அறுபத்தொரு பேரும் பின்னால் ஓடினீர்கள். முத்துலிங்கம் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். அவனைக் கேட்ட கேள்வி கொஞ்சமா? அவன் பிறப்பையே இழுத்தார்கள். மேட்டுக்கு வந்ததும் புத்தகத்தைக் கோயில் படியில் வைத்துவிட்டு மூச்சிரைக்க நின்றான். முத்துலிங்கம் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். வாங்கிக்கொண்டான்.

அவன் அங்கேயே நின்றிருக்கலாமே! ஏன் திரும்பிப் போனான்? இந்தக் கேள்வியை ஆபீஸ் அறிக்கையும் கேட்கிறது. 'தன் கவனயீனத்தால் அபாய இடத்துக்கு மீண்டும் சென்றார்' என்று பதிலும் எழுதியிருக்கிறது. கவனயீனமா? ஹோர்ன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, மக்களே! ஏழாம் நம்பர் மலையிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் அதைக் கேட்டுக் களத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இங்கிருந்து கத்தினால் அந்த மழையில் கேட்காது. அவர்களை நிறுத்த ஒரே வழி, அந்தச் சத்தத்தை நிறுத்துவது. அவன் ஓடிப்போய்க் கம்பத்தில் ஏறி வயரை அறுத்தான். சத்தம் நின்றது. ஏழாம் நம்பர் ஆட்கள், "என்னடா, பேர் போட்டு முடிஞ்சிருச்சா?" என்று பாதி வழியில் நின்றார்கள். அப்போது மலை வந்தது. நான் ஸ்டோர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம் போதாது, சுருக்கவும்.' சுருக்குகிறேன் தலைவரே. இனி இருப்பது ஒரே ஒரு விஷயம்தான்.

அந்த அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறது: 'அமரர் கஜேந்திரன் அனுமதியின்றிப் பொருத்திய தரமற்ற கருவி தவறாக ஒலித்ததாலேயே தொழிலாளர் அபாய இடத்துக்கு வர நேர்ந்தது.' அனுமதியின்றியாம்! ரிப்பன் வெட்டிய படம் ஆபீசில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறதே, தொரை அவர்களே, கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது? நாளை காலை பத்து மணிக்கு நுவரெலியாவில் விசாரணை. இந்த அறிக்கைதான் அங்கே போகிறது. அது நிலைத்துவிட்டால் உங்களைக் காப்பாற்றியவன், உங்களைச் சாகக் கூப்பிட்டவன் ஆகிவிடுவான். சுதர்ஷினி இந்தத் தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. போன கிழமை தண்ணீர்ப் பைப்படியில், "ஒம் புருசன் பெட்டியாலதான் நாங்க சாவப் பாத்தோம்" என்று ஒருத்தி கேட்டுவிட்டாளாம். நீங்கள் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மேல் தப்பும் இல்லை. உங்களுக்குச் சொன்னதைத்தான் நீங்கள் சொன்னீர்கள்.

அந்த அறிக்கையின் கீழே தொழில்நுட்பச் சாட்சி என்று ஒரு கையெழுத்து இருக்கிறது. அது என் கையெழுத்து.

சத்தம் போடாதீர்கள். முழுதாகக் கேளுங்கள்.

பெரிய பங்களா ஹொட்டேல் ஆனது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் கஜேந்திரன் பெட்டியைச் சோதிக்க ஐந்தாறு முறை ஹோர்ன் அடிப்பான். தூங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு அது தொந்தரவாம். ஆனி மாதத்தில் தொரை என்னை ஸ்டோருக்குப் பின்னால் கூப்பிட்டார். "லோரன்ஸ், சத்தத்த பாதியா கொறச்சிரு. கஜேந்திரன்கிட்ட போகாத, அவன் லெக்சர் அடிப்பான்" என்றார். நான் யோசித்தேனா? ஒரு ரெசிஸ்டரை எடுத்தேன். பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்புறம் அவன் பெயின்டால் எழுதியிருந்தான்: 'உள்ளே கைவைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும்.' அதை வாசித்துக்கொண்டே, ட்ரான்சிஸ்டரின் அந்தச் சின்னக் காலுக்குப் போகும் கரண்டைக் குறைத்தேன். அடித்துப் பார்த்தேன். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஐந்து செக்கன் அடித்ததில் சூடு எங்கே தெரியும்? எனக்குப் பெருமை வேறு. 'இதுக்குப் போயா அவ்வளவு லெக்சர்' என்று நினைத்தேன்.

முழுசாகத் திறந்து மூட வேண்டியதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். பதினோராந் தேதி அந்த ஒரு நிமிடத்தில் அது வெந்தது. வெந்துபோன ட்ரான்சிஸ்டர் சும்மா நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே இரண்டு காலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை மூட யாராலும் முடியாது. ஹோர்ன் நிறுத்தாமல் நீட்டி அடிக்கும். களத்துக்கு உங்களைக் கூப்பிட்டது கஜேந்திரனின் பெட்டி இல்லை. என் கை.

அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஆடி மாதச் சோதனையில் சத்தம் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டான். கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான். "லோரன்ஸ் அண்ணே, பெட்டிய யாராச்சும் தொறந்தாங்களா?"

"இல்லையே தம்பி. பேட்டரி எறங்கியிருக்கும்" என்றேன்.

நம்பினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் என்னை நம்பிவிட்டுப் புது பேட்டரி வாங்கிக்கொண்டு வந்தான். அதற்குள் பெட்டிக்கு ஆமைப்பூட்டு போட்டுவிட்டார்கள், சாவி ஆபீசில். திறந்து பார்க்க வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினான். கண்டாக்கையா, தலையைக் குனியாதீர்கள், அந்த மூன்றையும் வாங்கிப் பைலில் போட்டது நீங்கள்தானே? ஒரு கடிதத்துக்காவது பதில் போனதா? ஆனி தொடங்கி நாலு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் கையால் டீ வாங்கிக் குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அண்ணே, ஒங்களுக்கு வேற வேல இல்லையா" என்று சிரித்திருப்பான். அவ்வளவோடு போயிருக்கும்.

வேலை போகும் என்று பயந்தேன். ஸ்டோர்க் குவாட்டர்ஸ் போகும் என்று பயந்தேன். அதைவிட, மோட்டர் பார்க்கிற லோரன்ஸுக்கு ஒரு நகம் அளவு சாமான் விளங்கவில்லை என்று ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். அதுதான் உண்மை. அதனால்தான் அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டேன். தொரை பேனாவை நீட்டினார், நான் வாங்கினேன். அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியில், அமரர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். நானும் சொல்கிறேன். அந்தப் பெட்டியை அவன் வரைந்த படத்தின்படி மறுபடி கட்டுவோம். பெரட்டுச் சத்தத்தோடு எதிலும் சேராத ஒரு மணியை அதில் பொருத்துவோம். பூட்டுச் சாவி லயத்தில் இருக்கும், ஆபீசில் இருக்காது. ஆனால் அதைக் கட்டும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நாளைக் காலை ஆறு மணிக்கு லிந்துலையில் பஸ் ஏறுகிறேன். அந்தக் கையெழுத்து பொய் என்று விசாரணையில் சொல்லப்போகிறேன். நான் தனியாகப் போனால், குடித்துவிட்டு உளறுகிறான் என்பார்கள். அன்று முதலில் மெலிசாக விட்டு விட்டு அடித்ததைக் கேட்டவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். இருந்தால் வாருங்கள். வந்து, கேட்டதைச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஒரு நிமிட மௌன அஞ்சலி. எழுந்து நிற்கச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. என்னால் முடியாது, மக்களே. முப்பத்தொரு நாளாக நான் மௌனமாகத்தான் இருந்தேன். அவனுக்கு இன்னும் ஒரு நிமிடம்கூட அது வேண்டாம். உட்கார்ந்தே இருங்கள்.

காளியாயி அம்மா எழுந்து நிற்கிறார்கள். வாங்கம்மா. யாராவது கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிடுங்கள். தலைவரே, அம்மா என்னை என்ன கேட்டாலும் சரி, மைக்கை மட்டும் நிறுத்தாதீர்கள்.